ஆறாவது கட்டம்

தைப்பூசத்துக்கு நான்கு நாள்.
ஜெலுத்தோங் கொட்டகையில்
லோரியிலிருந்து சாக்குகள் விழும் சத்தத்துக்கு மேல்
கத்திக் கேட்டார் இளம்பரிதி அண்ணன்:
"சின்னதா ஒண்ணு செஞ்சு தாம்மா.
போன்லயே ஓடணும்.
ரதம் வர்ற நேரம் லைன் கிடைக்காது."

ஒரே அட்டவணை.
பெயர், போன் நம்பர், எத்தனை தேங்காய்,
எந்தத் தெருமுனை, காசு கட்டியாச்சா.
இரண்டு இரவு, ஐந்து தே ஓ ஐஸ்.
முடித்துப் பார்த்தால்
ஒரு புகைப்படம் பிடிக்கிற இடம்கூடப் பிடிக்கவில்லை.

கை சும்மா இருக்கவில்லை. ஆறாவதாக
'வேண்டுதல்' என்று ஒரு கட்டம் வைத்தேன்.
காலியாக விட்டால் சிவக்கும்,
சேமிக்க விடாது.

முதல் ஆள் ஊய் அம்மா. முந்நூறு காய்.
நம்பர் சொன்னார், முனை சொன்னார்.
சிவந்த கட்டத்தை அண்ணன் திருப்பிக் காட்டியதும்
சாக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு
ரிங்கிட்டை எண்ணத் தொடங்கினார்,
முதலிலிருந்து, இரண்டு முறை.

"அத எடுத்திரும்மா" என்றார் அண்ணன்.
நின்றபடியே எடுத்தேன்.
மடிக்கணினியில் நார்த்தூள்.
மறுபடி ஏற்ற நாற்பது நொடி.

ரதம் வந்த இரவு
டத்தோ கிராமாட் சாலையில் எல்லார் போனும் செத்துக் கிடக்க
அண்ணனின் கட்டைவிரல் மட்டும் ஓடியது.
செருப்புக்குள் தேங்காய்த் தண்ணீர்.
சில்லுகளை அள்ளும் இயந்திரம் பின்னாலேயே உறுமிக்கொண்டு.

விடியலில் கணக்கு: மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
"ஒரு காய்க்குக் காசு இடிக்குதே,
உன் புரோகிராம்ல பிழையா?"

பிழை இல்லை, அண்ணே.
கடைசி வரியைப் பாருங்கள்.
என் பெயர். ஒன்று.
இன்னும் கட்டவில்லை.