வாடகை ஷூ

எண்ணூர் ஹைரோட்டுல எம் பட்டறை.
ஆணியில தொங்குது
புது பிரேக் ஷூ, ஒரே ஒரு செட்டு.
எஃப்.சி. நாளுக்கு மட்டும் வாடகை;
மறுநாளே கழட்டிக்குவேன்.
இந்த வருஷம் பதினோரு தண்ணி லாரி
இத மாட்டித்தான் பாஸாச்சு.

நேத்து குளோரி அக்கா காரு.
பேடு தேஞ்சு இரும்போட இரும்பு உரசி,
கருவாடு வறுத்த சட்டியச் சொரண்டுற சத்தம்.
"சொந்தக் காரு, எவன் கேக்கப்போறான்?"
பாட்டச் சத்தமா வெச்சிக்கினு பூடுச்சு.

எல்லாக் காருக்கும் கட்டாயமாக்கணுமாம்.
ஆக்கட்டும்.
இன்னொரு ஆணி அடிக்கணும், அவ்ளோதான்.

ராத்திரி ஷட்டரு எறக்கிட்டு
ரோட்டத் தாண்ட நிக்குறேன்.
மணலி பக்கமிருந்து ஒரு தண்ணி லாரி,
தளும்பத் தளும்ப.
நம்பரப் பாக்குறேன்.
பதினொண்ணுல ஒண்ணு.

ஷூ உள்ள ஆணியில தொங்குது.