முப்பது நிமிடத்துக்கு ஒருக்கா

இடது கையில் ஒரு பட்டி.
இடுப்பில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு மெஷின்.
"குளிக்க வேணாம், கழட்ட வேணாம்,
ஊதக்குள்ள கையை ஆட்டவும் வேணாம்"
எண்டு சொல்லி அனுப்பினா கிளினிக்கில் பாஹிமா மிஸ்.
ஒரு நாள் முழுக்க இருக்கவேணுமாம்.
நாள் எண்டால் எது, மிஸ்?
எனக்கு நாள் விடியிறது பின்னேரம் ஆறரைக்கு.

சீனக்குடா, மாவாலை, லொறித் தராசு.
லொறி ஏறும், இலக்கம் விழும், லொறி இறங்கும்.
பன்னிரண்டு வருஷமாய் நிறை பார்க்கிறன்.
இண்டைக்கு என்னை ஒண்டு நிறுக்குது,
அரைமணிக்கு ஒருக்கா.
நித்திரைப் பிள்ளை விரலைப் பிடிக்கிற மாதிரித் தொடங்கி
கடன்காரன் மாதிரி முடிக்குது.

இரவு இரண்டு.
கன்ரீனில் கொத்துரொட்டி, சீனி கூடின தேத்தண்ணி.
வாய் முழிச்சிருக்கு, கை முழிச்சிருக்கு,
கணையம் மட்டும் கடையைப் பூட்டிப்
பலகையும் போட்டுட்டுப் படுத்திட்டுதாம்.
வந்த சீனியைப் பாரமெடுக்க ஆளில்லாமல்
அது இரத்தத்திலேயே நிக்குமாம்,
விடியும்வரை கேற்றடியில் நிக்கிற லொறி வரிசை போல.
இது மிஸ் சொன்னது.
லொறி மட்டும் என்ரை.

தலைக்குள்ளே ஒரு மணிக்கூடு,
வெளிச்சத்தைப் பார்த்து முள்ளைத் திருத்துமாம்.
ஈரலில் இன்னொண்டு, அது சோத்தைப் பார்க்கும்.
இதயத்துக்கும் தனியாய் ஒண்டு இருக்காம்.
எல்லாம் ஒரே நேரம் காட்டினால் அது வீடு.
என்ரை உடம்பு பஸ் ஸ்டாண்ட்:
ஒண்டு கொழும்பு எண்டு கத்துது,
ஒண்டு மூதூர் எண்டு கத்துது,
ஒண்டு சும்மா என்ஜினைப் போட்டுட்டு நிக்குது.

மூண்டரை. திரும்பவும் ஊதுது.

ரொட்னிக்கு அது காலமை ஆறேமுக்கால்.
இரவு முழுக்க ஒண்டுமில்லை, பகிடிதான்.
சைக்கிளைக் கேற்றில் சாத்திவைச்சுட்டு
அட்டை அடிக்கத் திரும்பிப் போனவன்.
விடியப்பக்கம் பிறஷர் ஏறும், இரத்தம் கெதியில் உறையும்,
ஊர் எழும்புற நேரம்தான்
இதயத்துக்குக் கண்டம் எண்டு பிறகு கேள்விப்பட்டம்.
அட்டையில் உள்ளே வந்த நேரம் இருந்தது.
வெளியே போன நேரம் இல்லை.
சம்பளக் கிளாக்கர் ஒரு கிழமையாய்
அதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு மணி பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போடுவன்,
உட்துறைமுக வெயில் மூளைக்குத் தெரியவிடாமல்.
கோட்டை வாசலில் மான்கள் படுத்து அசைபோடுதுகள்.
அதுகளிட்டை ஒருத்தரும் நேரம் கேக்கிறதில்லை.

வாசலில் யோகமலர் செருப்பு மாட்டுறாள்.
அவளுக்கு எட்டரைக்குக் கச்சேரி.
ஐஞ்சு நிமிஷம், எங்கடை மணிக்கூடுகள் உரசிப்போகும்.
"நோகுதே?" எண்டு பட்டியைத் தொட்டாள்.
அந்த நேரம் பார்த்து அது ஊதிச்சு.
மெஷினுக்குள் அவளின்ரை விரலும் பதிஞ்சிருக்கும்.

யன்னலில் பழைய குடைத்துணி.
மீன்காரன்ரை ஹோண், லுஹர் பாங்கு,
பக்கத்து வீட்டு மிக்ஸி.
ஒவ்வொண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நித்திரை,
ஒவ்வொரு துண்டையும் பட்டி வந்து எண்ணும்.

அடுத்த நாள் மிஸ் கடதாசியை விரிச்சா.
"படுத்தா பத்து வீதமாவது இறங்கணும்.
இங்க பாருங்க, நீங்க எப்ப படுத்தீங்க,
எப்ப எழும்பினீங்க எண்டே தெரியல்ல."
பள்ளம் இருக்கவேண்டிய இடத்தில்
கோடு வெட்டைபோலக் கிடந்தது.
திருகோணமலைக் கடலும் அவ்வளவாய் வத்துறதில்லை, மிஸ் எண்டன்.
அவ சிரிக்கேல்லை.
பகல் வேலைக்கு மாத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதினா.

கடிதம் சேர்ட் பொக்கற்றில் இருக்கு.
மனேஜர் லீவில்.
கை வெறுமையாய் இருக்கு, பட்டி நிண்ட இடம்
இன்னும் இறுக்கிக்கொண்டு இருக்கு.
இரண்டு மணிக்குக் கன்ரீனில் தகரம் தட்டுற சத்தம்.
போகேல்லை.
சீனி போடாத பிளேன்டீயோடை தராசடியில் நிண்டன்.
பலகை போட்ட கடை,
இண்டைக்கு ஒரு இரவாவது
தட்டாமல் விடுவம்.