துருசடிப் படங்கள்

பட்டிப்பொங்கல் அன்று, மாடுகளைக் கழுவி முடிய,
அண்ணையின் பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போவேன்.
துருசடியில் ஒரு அளவுப்பலகை,
வெள்ளையில் கறுப்பு இலக்கங்கள்,
தண்ணீர் எத்தனை அடி என்று பார்க்க நட்டது.
அதுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம்.
பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

முதற்படத்தில் யாதுரிக்கு இரண்டு வயது.
வாயில் கரும்புத்துண்டு,
பின்னால் பதினொரு அடித் தண்ணீர்.
என்னிடம் அப்போது பழைய நொக்கியா;
முகம் நாலு சதுரம், கண் இரண்டு புள்ளி.
ஆனாலும் அழுகிறாள் என்று தெரியும்.

வான் பாய்ந்த வருஷம் கட்டில் ஏற விடவில்லை.
"படமெல்லாம் பிறகு, பிள்ளையளைக் கொண்டு போ"
என்றார் மதியாபரணம் அண்ணை.
றோட்டில் நின்று எடுத்தேன்,
ஒரு குடை, அதன் கீழே நாலு கால்.

மழை பொய்த்த வருஷம் ஐந்தாறு கல் இறங்கி நின்றார்கள்.
"மாமி, குளத்தை விட நான் உயரம்" என்றான் கபிசன்.
உண்மைதான். தண்ணீர் மூன்றடி,
அவன் மூன்றே கால்.
அந்தமுறை சிறுபோகம் இல்லை,
அண்ணை மேசன் வேலைக்கு மாங்குளம் போனார்.

ஒரு வருஷம் படமே இல்லை.
மீன் காட்டுகிறேன் என்று குனிந்தவன்
போனைக் கிணற்றில் விட்டுவிட்டான்.
பயத்தில் மூன்று நாள் காய்ச்சல் அவனுக்கு.
நான் ஏசவில்லை.
படமில்லாத வருஷங்கள் எனக்குப் பழக்கம்.

என் ஏழு வயதுப் படம் ஒன்று
பாரிசில் பெரியம்மாவிடம் இருக்கிறது, முன்பல் இல்லாமல்.
மற்றவை இருந்த அல்பம்
எங்களோடு பத்து இடம் வந்தது.
பதினோராவது இடத்துக்கு வரவில்லை.
பிறகு முகாமில் ஒன்று எடுத்தார்கள்,
நெஞ்சுக்கு நேரே இலக்கம் எழுதிய மட்டை.
நிமிரச் சொன்னார்கள், நிமிர்ந்தேன்.
அதை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.
பதின்மூன்று வயதில் எனக்கு
என்ன முகம் இருந்தது என்று அண்ணையைக் கேட்டால்
"உன்ரை முகம்தான்" என்கிறார்.

போன ஆவணியில், மல்லாவிச் சந்தையில்,
கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த பூரணம் அக்கா
யாதுரியைக் கண்டு தராசைக் கீழே வைத்தா.
"எடியே, அந்த வயசில உன்னை உரிச்சு வச்சிருக்கு."

அன்றிலிருந்து நாள் எண்ணினேன்.
தவணைக்குப் புதுப் போன் எடுத்தேன்.
சாமத்தியவீட்டுப் படங்கள் இருக்கின்றனதான்,
கூலிக்கு வந்த படப்பிடிப்பாளர் பகல் முழுக்க
"தங்கச்சி, நாடியைத் தூக்கு, இங்கே பார்" என்று எடுத்தவை.
அவற்றில் ஆறு சேலை இருக்கிறது,
அவளைத்தான் தேட வேண்டும்.

மாடுகளைக் கழுவி முடிந்தது. போனோம்.
தண்ணீர் ஒன்பதரை. வெயில் நல்ல பக்கம்.
கபிசன் சொல்லாமலே போய் நின்று பல்லைக் காட்டினான்.
யாதுரி உள்ளங்கையைப் போனுக்கு நேரே பிடித்தாள்.
"எடுக்காதேங்கோ மாமி."
ஏன்?
"எனக்கு விருப்பமில்லை."

கை இறங்கிய நொடியில் விரல் பட்டுவிட்டது.
இல்லை, அழுத்தினேன்.

திரையில் அவள், கோபத்தில் பாதி திரும்பி.
பக்கத்தில் ஒன்பது, பத்து என்று இலக்கங்கள்.
இப்படித்தான் இருந்தேனா?
இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பேன்,
அவள் கிட்ட வந்து நின்றாள்.
"அழியுங்கோ."

அழித்தேன்.
"அழிச்சது முப்பது நாள் உள்ளுக்கை கிடக்கும்" என்றாள்.
அதற்குள்ளும் போய் அழித்தேன், அவள் பார்க்க.

கட்டால் இறங்கப் போனவள் நின்றாள்.
"காலை வேணுமெண்டால் எடுங்கோ." சிரிக்கவில்லை.
எடுத்தேன்.
கபிசனின் பல், பலகை, ஒன்பதரை அடித் தண்ணீர்,
இடது ஓரத்தில் இரண்டு பாதம்.

இரவு படுக்கையில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் கண்டேன்,
அவள் போட்டிருந்தது என் செருப்பு.