கசிவு

குண்டூசிகளைக் கழற்றத்தான் எனக்குச் சம்பளம்.
எண்பது வருடத் துரு காகிதத்தைக் கவ்வியிருக்கும்.
பிடுங்கக் கூடாது. எலும்புக் கத்தியை அடியில் நுழைத்து
முள்ளெடுப்பதுபோல் எடுக்க வேண்டும்.
எடுத்த பின்னும் நிற்கும் இரண்டு பழுப்புத் துளை,
பாம்பு தீண்டிய இடம்போல.

இன்று மேசைக்கு வந்தது
ஐஸல் ஆற்றங்கரை நகராட்சியின் எரிவாயுக் கணக்கு.
கொலைக்கென்று இங்கே தனிக் கோப்பு கிடையாது.
அது இலாகா இலாகாவாகப் பிரிந்து கிடக்கிறது:
சைக்கிள் ஒப்படைத்த ரசீதில்,
வானொலிப் பதிவேட்டில்,
நீச்சல்குளச் சந்தாவைத் திருப்பித் தந்த சீட்டில்
(ஒரு கில்டர் இருபது சென்ட், பெற்றுக்கொண்டேன்).
எல்லாம் முத்து முத்தான கையெழுத்து.
கூட்டல் ஒன்றுகூடத் தப்பவில்லை.

கயிறு திரிப்போர் சந்து, எண் பதினேழு.
ஃபெல்லெமான், மெயர். நூல், பொத்தான், லேஸ் வியாபாரம்.
மனைவி டுய்ஃப்யே. பிள்ளைகள் லெவி, யெட்டி.
கடைசிப் பெண் ஃபோகெல்ட்யே;
குட்டிப் பறவை என்று அர்த்தம் எங்கள் மொழியில்.
வயது பதினொன்று.
ஐந்து அட்டை. ஐந்திலும் ஒரே ரப்பர் முத்திரை:
'போய்விட்டார், எங்கே என்று தெரியாது.'
குத்தியவரின் ஜன்னலுக்கு
நேர் எதிரே ரயிலடி.

ரயில் பட்டியலில் நான்கு பெயர்.
விரல் வைத்து மூன்று முறை எண்ணினேன்.
நான்கு.

கதவுக்கு அரக்கு வைத்தது நவம்பர் மூன்று.
பாக்கி வசூலுக்காக அன்றே மீட்டர் பார்த்திருக்கிறார்கள்:
இரண்டாயிரத்து முன்னூற்றொன்பது.
இருபத்தேழாம் தேதி இணைப்பைத் துண்டிக்கும்போது
இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டு.

ஆளில்லாத வீட்டில், இருபத்து நாலு நாளில்,
ஒன்பது கன மீட்டர் எரிந்திருக்கிறது.

'எப்படி?' என்று மேலதிகாரி
சிவப்புப் பென்சிலில் கேட்டிருக்கிறார்.
அதன்மேல் குத்திய துண்டுச் சீட்டில்
மீட்டர் பார்ப்பவர் ஓல்ட்ஹோஃபின் கோழிக்கிறுக்கல்:
'கசிவு. சரிசெய்தாகிவிட்டது.'

நிலவறைக்கு இறங்கி
பழுதுபார்ப்புப் பேரேட்டை எடுத்து வந்தேன்.
அந்த நவம்பரில் ஒரு ரொட்டிக்கடை அடுப்புக் குழாய்,
மருத்துவமனைச் சலவையறையில் ஒரு திருகு.
கயிறு திரிப்போர் சந்துக்கு எவரும் போகவில்லை.

ஓல்ட்ஹோஃபின் பணிப் பதிவும் இருக்கிறது.
குடித்துவிட்டு வந்ததற்கு இருமுறை அபராதம்.
யார் வீட்டு நாயையோ உதைத்ததாக ஒரு புகார்.
போர் முடிந்த பின் யாரும் அவரைக் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
சோம்பேறி, வேலை செய்யாமலே செய்ததாக எழுதியிருக்கலாம்.
உண்மையிலேயே கசிந்தும் இருக்கலாம்.
காகிதம் சொல்லாததைச் சொல்ல
எனக்கு அதிகாரம் இல்லை.

ஆனாலும் இரவு வீட்டில்
விளக்கை அணைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.
மூன்று உருளைக்கிழங்கு. சிறு தீ. மூடி போட்ட பாத்திரம்.
வெந்ததும் மாடிப்படிக்குக் கீழே போய்
டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தேன், பெருக்கினேன்.
ஒரு நாளைக்கு ஒரு வேளை என்றால்
ஒன்பது கன மீட்டர் போதும்; மிச்சம்கூட வரும்,
கை விறைக்கும் இரவுகளில் சும்மா எரிய விட.
கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றும் பார்த்தேன்.
நீலச் சுடர் வெளியே தெரிவதில்லை.

இருபத்தேழாம் தேதிக்குப் பிறகு
அவள் எந்தத் தாளிலும் இல்லை.
இறந்தோர் ஏட்டில் இல்லை, திரும்பியோர் ஏட்டில் இல்லை,
பள்ளி, கல்யாணம், கல்லறை, எதிலும்.

விதிப்படி ஊசி குப்பைக்கு.
கேள்வி ஓர் உறையில், பதில் ஓர் உறையில்,
தனித்தனி எண் போட்டு.

அந்த ஓர் ஊசியை மட்டும் நான் கழற்றவில்லை.
ஸ்கேனரில் கறுப்பாக விழும் என்கிறார் ஹெங்கெலீன்.
விழட்டும்.