எண்பத்தோராம் படி

நூற்றுப் பன்னிரண்டு படிகள்.
சந்தேகமிருந்தால் என் முழங்காலைக் கேளுங்கள்.
ரெசிஃபியின் வடக்கு மேட்டில்
எரிவாயு உருளையைத் தோளில் ஏற்றிப்
பதினான்கு வருஷமாய் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
முப்பத்தேழாவது உடைந்தது.
அறுபதில் ஜசீராவின் நாய் படுத்திருக்கும், நகராது.
தொண்ணூறுக்கு மேல், மழைக்காலத்தில்,
பாசி.

நான் குடியிருப்பது முதல் படிக்கும் கீழே.
அங்கே வேறு கணக்கு.
ஒரு மணி நேரம் பெய்தால் கணுக்கால்,
இரவெல்லாம் பெய்தால் கட்டில்.
போன ஜூனில் குளிர்பெட்டி மிதந்து வந்து
கதவை உள்ளேயிருந்து தட்டியது.

இந்த வருஷம் மாநகராட்சி சொன்னது:
இவ்வளவு பணம் இருக்கிறது,
எதற்கென்று நீங்களே சொல்லுங்கள்.
இவ்வளவு என்றால்
படிக்கட்டுக்கு ஓர் இரும்புக் கைப்பிடி
அல்லது
கால்வாய்க்கு இரண்டு பக்கமும் சுவர்.
கரும்பலகையில் மற்றதெல்லாம் பொடியெழுத்து,
'அல்லது' மட்டும் பெரிதாக.

செவ்வாய் இரவு. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கொட்டகை.
தகரத்தில் மழை பேசி முடித்தால்தான்
மனிதர் பேசலாம்.
குழந்தைகளின் பெஞ்சில்
முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

கீழ்த்தெருவுக்காக எடிலெயூசா எழுந்தாள்.
வெள்ளத்தில் ஊறிக் காய்ந்த பாடப்புத்தகத்தை,
ரொட்டி போல் உப்பியிருந்ததை,
தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.
யாரோ விசும்பினார்கள். என் மைத்துனன்தான்.

மேல்தெருவிலிருந்து வந்தவர்கள் பதினோரு பேர்.
ஒனோஃப்ரிக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.
"மழையில் இறங்க முடியாமல்
வராமற்போனவர்களை எண்ணிக்கொள்ளுங்கள்.
எங்கள் வாதம் அவ்வளவுதான்."
மிச்ச நிமிடங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
உட்கார்ந்துவிட்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். முதலில் கால்வாய்க்கு.
என் மனைவி லுசினெய்டி தூக்கினாள்.
மைத்துனன் தூக்கினான், இரண்டு கையும்;
ஒன்றை இறக்கச் சொன்னார்கள்.
என் கை மடியிலேயே கிடந்தது.

காரணம் சொல்லத்தான் வேண்டும்.
தொண்ணூற்று நான்காம் படியில் ஒருநாள்
உருளையோடு சறுக்கினேன்.
பிடிக்க ஒன்றுமில்லாமல் காற்றைப் பிடித்தேன்.
அந்தக் கை
இன்னும் விடவில்லை.

கைப்பிடிக்கு நாற்பத்து மூன்று.
கால்வாய்க்கு நாற்பத்தொன்று.
நான் மாற்றித் தூக்கியிருந்தால் சமம்.
இதை லுசினெய்டி என்னிடம் சொல்லவில்லை.
குளிர்பெட்டிக்கு அடியில் இன்னும் இரண்டு செங்கல் வைத்தாள்,
பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி.

அக்டோபரில் ஆட்கள் வந்தார்கள்.
பச்சை வண்ணம், நல்ல கனம்,
வெயிலில் தொட்டால் சுடும்.
ஜசீராவின் நாய் அதற்கும் நகரவில்லை,
குழாயை அதைச் சுற்றித்தான் நட்டார்கள்.
பிறகு இரும்பு விலை ஏறிவிட்டதென்று
பொறியாளர் கையை விரித்தார்.
கைப்பிடி எண்பத்தோராம் படியில் நின்றுவிட்டது.

வெட்டிய முனை யார் கண்ணையும் குத்தாதிருக்க
யாரோ ஒரு தயிர்க் குவளையைக் கவிழ்த்திருக்கிறார்கள்.
அதற்கு மேல் பழைய மேடு,
பழைய பாசி.
எண்பத்திரண்டில் கால் வைக்கும்போது
என் இடக்கை தானாக முன்னே போய்
இல்லாததைத் தடவிப் பார்த்துவிட்டுத்
தோளுக்குத் திரும்புகிறது.

மார்ச்சில் மறுபடி கூட்டம்.
மீதி முப்பத்தோரு படி, அல்லது.

எடிலெயூசாவும் லுசினெய்டியும்
இப்போதே வீடுவீடாகப் போகிறார்கள்,
கையில் அட்டையும் பென்சிலுமாக.
நேற்று மாலை எங்கள் கதவும் தட்டப்பட்டது,
இந்தமுறை வெளியிலிருந்து.
திறந்தேன். என் மனைவி நின்றிருந்தாள்,
என்னை முன்பின் தெரியாதவள்போல்.
"ஐயா, ஒரு நிமிடம் பேசலாமா?"

உள்ளே வரச் சொன்னேன்.
நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.