மைக் என் கையில் இருந்தது

வேப்பனப்பள்ளிக்கு வடக்கே ஓர் ஊர்,
மாமரங்கள் பூத்திருந்தன.
எருது விடும் விழாவுக்கு
நாலாயிரம் ரூபாய்க்கு மைக் பிடித்தேன்.
சாப்பாடு தனி.

காளையின் பெயர், ஓனர் பெயர், ஊர்,
நடுநடுவே தொலைந்த பிள்ளைகள்,
வழிமறிக்கும் வண்டிகளின் நம்பர்.
"அடுத்து வருது டோல்கேட் புயல்,
கம்பியை விட்டு இறங்குங்க தம்பி!"

கமிட்டிக்காரர் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு
காதருகே சொன்னார்:
"அவன் வந்திருக்கான். பேர் மட்டும் வேணாம்."

அவன் திம்மராயன்.
கிரானைட் குவாரி தின்ற சுண்டுவிரல்.
சேலம் ஜெயிலில் பதினோரு மாதம்:
ஒரு டீக்கடை, ஒரு தனி டம்ளர்,
அவன் அதை வீசிய திசையில் ஒரு நெற்றி.
மனைவி ஓசூரில், கம்பெனி ஹாஸ்டலில்,
போன் எடுப்பதில்லை.
காலை ஒன்பதுக்கே குவாட்டர் வாடை.
அடிக்கவும் செய்வான், அழவும் செய்வான்,
நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன்.

மற்றவர்களுக்கு மஞ்சள் டி-ஷர்ட்,
முதுகில் பைனான்ஸ் கம்பெனி பெயர்.
அவனுக்குத் தீர்ந்துவிட்டதாம்.
அட்டைப்பெட்டி என் காலடியில்தான் இருந்தது,
பாதிக்கு மேல்.

டோல்கேட் புயல் வந்தது.
கொம்பு நடுவே தட்டி, ஜிகினா மினுக்க.
மஞ்சள் சட்டைகள் இரண்டாகப் பிளந்தன.
கிழிந்த பனியன் ஒன்று மட்டும்
நின்றது.
பிறகு ஓடியது,
காளைக்கு எதிரே அல்ல, கூடவே,
இரண்டும் ஒரே வேலைக்குப் போவதுபோல.
நாலு விரல் கை எழுந்து இறங்கியபோது
தட்டி அதில் இருந்தது.

நான் சொன்னேன்:
"யாரோ ஒருத்தர் எடுத்துட்டாருங்க."

தண்ணீர்த்தொட்டி மேலிருந்த காலனிப் பிள்ளைகள்
பெயரைக் கத்தினார்கள்.
நான் பாட்டுப் போட்டேன்.

தட்டி தானாக அவிழ்ந்தது என்று தீர்ப்பானது.
ஓனர் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து
கொம்பைக் கழுவினார்.
அந்தக் கொம்பைச் சீவி வர்ணமடித்தது
திம்மராயன் தம்பி, முந்தாநாள்.
அப்போது யாரும் வாளி எடுக்கவில்லை.

மேடைக்கு வந்தான்.
அடிப்பான் என்று ஒயரைச் சுருட்டினேன்.
தாழ்ந்த குரலில் சொன்னான்:
"அண்ணே, ஆள் ஒருத்தன் காணாம போயிட்டான்.
சொல்லிடுங்க.
பேர் திம்மராயன், வயசு முப்பத்தொண்ணு,
மஞ்சள் சட்டை போடல.
பார்த்தவங்க மேடைக்கு வந்து சொல்லச் சொல்லுங்க."

சுவிட்சைத் தட்டினேன்.
"ஒரு முக்கிய அறிவிப்பு" என்றேன்.
கூட்டம் அடங்கியது.
வெற்றிலை வாய் மெல்லுவதை நிறுத்தியது.

பர்கூர் பதிவு ஸ்பிளெண்டர் ஒன்றை
உடனே எடுக்கச் சொன்னேன்.

அவன் நம்பர் முழுவதையும் கேட்டான்,
கடைசி இலக்கம் வரை,
அதற்குள் எங்காவது
தன் பெயர் வந்துவிடும் என்பதுபோல.

ராத்திரி நாலாயிரத்து ஐந்நூறு தந்தார்கள்.
"நல்லாப் பேசினீங்க."

காலி மைதானம், சாணி, ஜிகினாத் துணுக்குகள்.
மைக்கை எடுத்து
"திம்மராயன்" என்றேன், இரண்டு முறை.

ஸ்பீக்கரை எப்போதோ
வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.