ஓட்டுநருடன்

வேலந்தாவளத்து எடைமேடையில் தரும் சீட்டில்
ஒரு வரி உண்டு:
ஓட்டுநருடன் / ஓட்டுநர் இன்றி.
ஏதாவது ஒன்றை அடிக்க வேண்டும்.
தக்காளி லோடென்றால் அவசரம், யாரும் அடிப்பதில்லை.

பாலக்காட்டு ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.
ஆறுச்சாமியின் மழித்த தலையில்
அறுபது கம்பிகளைப் பசை வைத்து ஒட்டுகிறேன்.
கஞ்சிக்கோட்டில் டிரெய்லர் இடித்து
இன்றோடு நாற்பத்தொரு நாள்.
கண் திறக்கிறது, மூடுகிறது.
பார்க்கிறதா என்பது வேறு கேள்வி.

காந்தச் சுருள் ஒரு தட்டுத் தட்டும்.
எதிரொலி எத்தனை தூரம் ஓடுகிறது,
எங்கும் ஒரே பேச்சா, இடத்துக்கு இடம் வேறா,
அதை எவ்வளவு சுருக்கி எழுதலாம்?
நன்றாகச் சுருங்கினால் வீடு காலி.
சுருங்க மறுத்தால் யாரோ இருக்கிறார்கள்.
கோடு, பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.

இன்னொரு கணக்கும் இருக்கிறதாம்,
டீ ஆறும்வரை டாக்டர் ஷைனி சொன்னார்.
இரண்டாக வெட்டு.
நட்டம் மிகக் குறைவான இடம் பார்த்து வெட்டு.
அப்போதும் எது தொலைகிறதோ
அதன் அளவுதான் 'நான்'.
முழு மூளைக்கு யாரும் போட்டுப் பார்த்ததில்லை,
வெட்டும் வழிகளை எண்ணி முடிக்க
சூரியனுக்கு ஆயுசு போதாது.

எங்கள் ஊரையும் யாரோ அப்படித்தான் வெட்டினார்கள்,
நட்டம் குறைவென்று நினைத்த இடத்தில்.
மருந்துக்கடை கேரளம். படி தமிழ்நாடு.
'எந்தா வெல' என்று தொடங்கி
'கொஞ்சம் பாத்துக் குடுங்க' என்று முடியும் வாக்கியத்தை
எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்பது.

"கொறவாணு" என்றார் டாக்டர்.
கொஞ்சம் கழித்து,
"எந்நாலும், இல்லெந்நல்ல."

துளசிமணி திரையைப் பார்க்கவில்லை.
பதினோரு வருசம் அந்த வண்டிக்குக் கணக்கெழுதியவள்.
"மிசினு முன்னப்பின்னதாங்க காட்டும்.
இவரு எறங்காம ஒக்காந்திருந்தா அறுவத்தெட்டு கூடும்.
மழையில தார்ப்பாய் நனைஞ்சாலும்
அதே அறுவத்தெட்டு கூடும்.
அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

படிவத்தில் எண் எழுதினேன், நேரம் எழுதினேன்.
கையெழுத்திடும் இடத்தில் பேனா மக்கர் செய்தது.

அவள் அவர் காதோரம் குனிந்து
நாச்சிபாளையம் சந்தையில்
கத்திரிக்காய் என்ன விலைக்குப் போனதென்று
சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டும்.

கம்பிகளை இன்னும் கழற்றவில்லை.
பதிவை நிறுத்தியிருந்தேன்.